பழைய கேட்டமரான் வாங்கறதுன்னா: பெரிய சார்ட்டர் போட்டா, சின்ன ஓனர் போட்டா, வேகமான பழைய போட்டா?

ஒரே பணத்தை கையில வச்சுக்கிட்டு மார்க்கெட்ல தேடினா மூணு நாலு விதமான குரூசிங் கேட்டமரான் (ரெண்டு ஹல், அதாவது ரெண்டு உடம்பை பக்கத்துல பக்கத்துல சேத்துக் கட்டின, தங்கிப் பயணம் போற பாய்ப்படகு) கண்ணுல படும், குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது. ஒண்ணு, பல வருஷம் சார்ட்டர்ல, அதாவது வாடகைக்கு, ஓடி வெளிய வந்த 44, 45 அடி போட், நாலு கேபின் நாலு டாய்லெட்டோட, உள்ள போனா வீடு மாதிரி இருக்கும். ரெண்டாவது, அதை விட இன்னும் கொஞ்சம் பழசு, 38லேர்ந்து 40 அடிக்குள்ள, ஆனா ஒரே குடும்பம் வச்சிருந்து பாத்துக்கிட்ட ஓனர் வெர்ஷன். மூணாவது, இருபது இருபத்தஞ்சு வருஷம் ஆன, டாகர்போர்ட் (ஹல்லுக்கு அடியில ஏத்தி இறக்கற பலகை) வச்ச வேகமான போட், பிரான்ஸ்ல கட்டின கட்டானா, ஊத்ரமேர் மாதிரி. நாலாவதா ஜெமினி, ப்ரௌட் மாதிரி ஒடுக்கமான சின்ன போட்டுகள், இதெல்லாம் மத்ததை விட ரொம்ப குறைஞ்ச விலைக்கே கிடைக்கும்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டு பேரோ, இல்ல குழந்தைங்களோட ஒரு சின்ன குடும்பமோ போட்லயே தங்கி தீவு தீவா போகப்போறீங்கன்னா ரெண்டாவதுதான் சரி. நீளத்துக்கு ஆசைப்பட்டு கண்டிஷனை விட்டுக்கொடுக்காதீங்க. ஏன்னா கேட்டமரான்ல நீளம் கூடக்கூட வாங்கற விலை மட்டும் கூடறதில்ல, பாய் பெருசாகும், கயிறு தடிமனாகும், வின்ச் (கயிறு இழுக்கற உருளை) பெருசாகும், நங்கூரம் பெருசாகும், தண்ணிக்கு மேல தூக்கி வைக்கிற செலவு கூடும், அடியில அடிக்கிற பெயின்ட் கூடும், எல்லாமே ரெண்டு ஹல்லுக்கும் சேத்து. வாங்கற அன்னிக்கு 45 அடியும் 39 அடியும் ஒரே விலையா இருந்தாலும் அடுத்த அஞ்சு வருஷத்துல ரெண்டும் ஒரே செலவு வைக்காது.

மத்த எதையும் பாக்கறதுக்கு முன்னாடி எடையைப் பத்தி ஒரு தெளிவு வேணும், கேட்டமரான் வாங்கறவங்க நிறைய பேர் இதை கடைசியிலதான் யோசிக்கறாங்க. மோனோஹல்ல, அதாவது ஒரே ஹல் இருக்கிற சாதாரண பாய்ப்படகுல, அடியில ஈயமோ இரும்போ டன் கணக்குல தொங்குது, அதுல நீங்க கொஞ்சம் சாமான் ஏத்தினா அதுக்கு பெருசா தெரியாது. கேட்டமரான் அப்படி இல்ல. அதுல அடிப்பாரம் கிடையாது, அகலத்தாலதான் நிக்குது, ஹல் ரெண்டும் ஒல்லியா இருக்கறதாலதான் ஓடுது. சுமார் 38 அடி போட்ல ஒரு டன் கூட ஏத்தினா தோராயமா நாலஞ்சு சென்டிமீட்டர் தாழும். கேக்க கம்மியா இருக்கும், ஆனா ரெண்டு ஹல்லுக்கும் நடுவுல இருக்கிற பிரிட்ஜ்டெக்குக்கும் தண்ணிக்கும் உள்ள இடைவெளியும் அதே அளவு குறையுது, எதிர்க்காத்துல போறப்போ அலை கீழேர்ந்து பலகையை அடிக்கிற சத்தம் அங்கதான் வருது. அது சத்தம் மட்டும் இல்ல, டேபிள் மேல இருக்கிற கிளாஸ் குதிக்கும், தூக்கம் போகும், வருஷக்கணக்குல பல்க்ஹெட் (உள்ள இருக்கிற குறுக்குச் சுவர்) ஒட்டின இடத்துக்கெல்லாம் வேலை வைக்கும்.

ஒரு டன் எப்படி ஏறும்னு கேக்காதீங்க, தானா ஏறிடும். 10 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி ஒரு மீட்டருக்கு ரெண்டு கிலோவுக்கு மேல, 80 மீட்டர் போட்டா கிட்டத்தட்ட 180 கிலோ, அதுவும் முன்பக்கமா. டிங்கியும் (கரைக்குப் போக வர வச்சுக்கற சின்னப் படகு) அதோட மோட்டாரும் சேந்து 100 கிலோவைத் தாண்டும். பழைய மாதிரி 6 வோல்ட் லெட் பேட்டரி ஒண்ணு 28 கிலோ, எட்டு வச்சா கணக்கு போட்டுக்கோங்க. தண்ணி 300 லிட்டர்னா 300 கிலோ. இதுக்கு மேல டூல்ஸ், ஸ்பேர் பார்ட்ஸ், டைவிங் டேங்க், ஜெனரேட்டர், துணிமணி, மூணு மாசத்துக்கு சாப்பாடு. அதனால ஒரு போட்டை பாக்கப் போனா ஹல்லுல அடிப் பெயின்ட் கோடு எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க. பழைய கோட்டுக்கு மேல இன்னொரு தடவை உயர்த்தி அடிச்சிருந்தா அந்த ஓனர் ஏத்தின சுமையை மறைக்காம சொல்லிட்டான்னு அர்த்தம். அது கெட்ட போட்னு இல்ல, அதுல இனிமே உங்க சாமானுக்கு இடம் கம்மின்னு அர்த்தம்.

இப்போ சார்ட்டர் போட்டுக்கு வருவோம், மார்க்கெட்ல அதிகமா இருக்கறது அதுதான். லகூன், லெபர்ட், ஃபோன்டேன் பஜோ மூணும்தான் பெரும்பாலும். லகூனும் ஃபோன்டேன் பஜோவும் பிரான்ஸ், லெபர்ட் தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன்ல ராபர்ட்சன் அண்ட் கெய்ன் கட்டறது, மூரிங்ஸ், சன்செயில்ங்கற சார்ட்டர் கம்பெனிகளோட படகுக் கூட்டத்துக்காகவே வளர்ந்த பிராண்ட். ஒரு போட் பெரிய கம்பெனியில சுமார் அஞ்சு வருஷம் ஓடும், அப்புறம் வித்துடுவாங்க, அதை சில சமயம் சின்ன கம்பெனி ஒண்ணு வாங்கி இன்னும் சில வருஷம் ஓட்டும். நீங்க வாங்கறது முதல் ரவுண்ட் முடிஞ்சதா ரெண்டாவது ரவுண்டும் முடிஞ்சதான்னு தெரிஞ்சுக்கணும், ரெண்டும் வேற வேற போட் மாதிரி.

சார்ட்டர் போட்னாலே மோசம்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. பெரிய கம்பெனி போட்டுக்கு எண்ணெய் மாத்தற தேதி எழுதி வச்சிருப்பாங்க, உடைஞ்சா வார இறுதிக்குள்ள சரி பண்ணித்தான் ஆகணும், அடுத்த கஸ்டமர் வந்து நிப்பான். தனி ஓனர் போட்டு ரெண்டு வருஷம் மரினாவுல தொடாம கிடந்திருந்தா அதுக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனா சார்ட்டர்ல ஓட்டறவங்க பாய் ஏத்தறதை விட என்ஜின்லதான் அதிகம் போவாங்க, ஃப்ரிட்ஜுக்காக நங்கூரத்துல நின்னுக்கிட்டே என்ஜினை ஐடில்ல ஓட விடுவாங்க, டீசல் என்ஜினுக்கு லோட் இல்லாம மணிக்கணக்கா ஓடறது நல்லதே இல்ல. அதனால மணி மீட்டர்ல 4000, 5000 மணி நேரம் இருக்கறது சகஜம். மணி நேரம் அதிகமா இருக்கறதே பயப்படற விஷயம் இல்ல, குளிர்ந்த என்ஜினை நம்ம கண் முன்னாடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லி புகை எப்படி வருதுன்னு பாக்கணும், முழு த்ராட்டில்ல குறிப்பிட்ட ஆர்பிஎம் வரைக்கும் ஏறுதான்னு பாக்கணும், எண்ணெயை லேப்ல கொடுக்கணும். ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி சூடா வச்சிருந்தாங்கன்னா இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டு வந்துடுங்க.

அதே சார்ட்டர்லயும் எங்க ஓடினதுங்கறது பெரிய வித்தியாசம். மெடிட்டரேனியன்ல, கிரீஸ், குரோவேஷியா பக்கம் ஓடினதுன்னா சீசன் ஆறு மாசம்தான், மிச்ச நேரம் கரையில நிக்கும், அதனால மணி நேரமும் கம்மி, வெயில்ல வெந்ததும் கம்மி, ஆனா அங்க பின்பக்கமா கரையில கட்டறதால ஸ்டெர்ன் படிக்கட்டு ஓரமெல்லாம் இடிபட்டு ஒட்டுப் போட்டிருக்கும். கரீபியன்ல ஓடினதுன்னா வருஷம் பூரா சூரியன், வருஷம் பூரா வேலை. அதுல இன்னொரு விஷயம் இருக்கு, 2017 செப்டம்பர்ல இர்மா புயல் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளையும் செயின்ட் மார்ட்டினையும் அடிச்சப்போ அங்க நின்ன சார்ட்டர் போட்டுகள் நிறைய நொறுங்கிச்சு, அதுல பல போட்டுகளை இன்சூரன்ஸ்காரங்க கிட்டேர்ந்து வாங்கி சரி பண்ணி வித்தாங்க. 2017க்கு முன்னாடி கட்டின கரீபியன் போட்டுன்னா அந்த செப்டம்பர்ல எங்க இருந்துச்சுன்னு எழுத்துல கேளுங்க. நல்லா ரிப்பேர் பண்ணின போட்டும் அதுல உண்டு, யார் பண்ணினாங்க, ஃபோட்டோ இருக்கா, பில் இருக்கான்னு கேட்டு வாங்கணும், பதில் மழுப்பலா வந்தா அடுத்ததைப் பாக்கலாம்.

நாலு கேபின் நாலு டாய்லெட் அமைப்புதான் எனக்கு பெரிய குறையா தெரியறது. ஒவ்வொரு டாய்லெட்டுக்கும் ஒரு பம்ப், ஒரு ஹோல்டிங் டேங்க், மீட்டர் கணக்குல ஹோஸ், தண்ணிக்குக் கீழ ஹல்லுல ஓட்டை போட்டு வச்ச வால்வு, அதை நாலால பெருக்குங்க. ஹல்லுல ஓட்டை எவ்வளவு கம்மியோ அவ்வளவு நிம்மதி. ரெண்டு பேர் தங்கறதுக்கு ரெண்டு டாய்லெட்டே ஜாஸ்தி, மிச்சத்தை எடுத்துட்டு வாட்டர்மேக்கர் (கடல் தண்ணியை குடிதண்ணியாக்கற மெஷின்) வைக்கலாம், டூல் ரூம் பண்ணலாம்னு எல்லாரும் திட்டம் போடுவாங்க, ஆனா அதுக்குள்ள பணமும் நேரமும் வேற இடத்துக்குப் போயிடும். ஏன்னா சார்ட்டர் போட்ல சோலார் இருக்காது, இருந்தாலும் பேருக்கு இருக்கும், பேட்டரி ஒரு வாரத்துக்கு போதுமான அளவுதான், இன்வெர்ட்டர் சின்னது, நங்கூரம் விலை குறைஞ்சது, மெல்லிய காத்துக்குப் போடற பாய் கிடையவே கிடையாது, இருக்கிற பாயும் வெயில்ல நைஞ்சு போயிருக்கும். வாங்கின விலையில கால் பங்கு வரைக்கும் இதுக்கே எடுத்து வைக்கணும்னு வச்சுக்கோங்க. அதைக் கூட்டிப் பாத்தா சல்லிசுன்னு நினைச்ச 45 அடி சல்லிசா இருக்காது.

45 அடி சைஸ்ல இன்னொண்ணும் கவனிக்கணும். லகூன் 450 உலகத்துலயே அதிகமா வித்த குரூசிங் கேட்டமரான்கள்ல ஒண்ணு, இருக்க வசதின்னா சொல்லவே வேணாம். அதுல பாய்மரத்துக்கு அடியில வர பல்க்ஹெட்ல சில போட்டுகள்ல சேதம் வந்தது வெளிப்படையா பேசப்பட்ட விஷயம், கம்பெனியே எப்படி செக் பண்ணணும்னு வழிமுறை கொடுத்துச்சு. எல்லா 450லயும் பிரச்சனை இல்ல, ஆனா நீங்க பாக்கற போட்ல அந்த செக் நடந்துச்சா, நடந்தா ரிப்போர்ட் எங்க, ரிப்பேர் பண்ணியிருந்தா எந்த யார்டுன்னு கேக்காம மேல ஒரு அடி கூட வைக்காதீங்க. வேற எந்த மாடலா இருந்தாலும் இதே மாதிரி பாய்மரத்துக்கு கீழ உள்ள பகுதியை தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்க, கேபின் கதவெல்லாம் சரியா மூடுதான்னு பாருங்க, கதவு இழுத்துப் பிடிச்சா ஸ்ட்ரக்சர் அசைஞ்சிருக்க வாய்ப்பிருக்கு.

ஓனர் வெர்ஷன்னா ஒரு ஹல் முழுக்க ஓனருக்கு, ஒரு படுக்கை, ஒரு பெரிய பாத்ரூம், நடுவுல மேஜை, அலமாரி. இன்னொரு ஹல்லுல ரெண்டு கேபின். லகூன் 380ஐ உதாரணமா எடுத்துக்கலாம், நீளம் 11.55 மீட்டர், அகலம் 6.53, ஆழம் 1.15 மீட்டர்தான், கிட்டத்தட்ட இருபது வருஷம் கட்டினாங்க, 800க்கு மேல கடல்ல இருக்கு. வேகத்துக்கு பேர் போனது கிடையாது, எதிர்க்காத்துக்கு முனகும், பிரிட்ஜ்டெக் உயரமும் தாராளம்னு சொல்ல முடியாது. ஆனா உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் இதே போட் வச்சிருக்கறவர் ஒருத்தர் இருப்பார், பார்ட்ஸ் கிடைக்கும், என்ன கெட்டுப் போகும்னு எல்லாருக்கும் தெரியும், விக்கணும்னா விக்கலாம். லெபர்ட் 40, 2005 வாக்குல வந்தது, மோரெல்லி அண்ட் மெல்வின் டிசைன், பாய் ஓட்டத்துல இதை விட கொஞ்சம் நல்லா இருக்கும்னு என் அபிப்பிராயம். ஃபோன்டேன் பஜோவோட பழைய மாடல்கள், அத்தீனா 38, லவெஸ்ஸி 40 எல்லாம் எடை கம்மியா கட்டினது, நல்லா ஓடும், அதனாலயே அதுல அதிகமா ஏத்தவும் கூடாது.

நல்ல ஓனர் போட்டை எப்படி கண்டுபிடிக்கறதுன்னா போட்டை விட பேப்பரைப் பாக்கணும். பராமரிப்பு நோட்டு, பில், எப்போ என்ன மாத்தினாங்கன்னு தேதி. ரெண்டு தேதி ரொம்ப முக்கியம். ஒண்ணு ஸ்டாண்டிங் ரிக்கிங், அதாவது பாய்மரத்தைப் பிடிச்சு நிக்கிற கம்பிங்க, பத்துலேர்ந்து பதினஞ்சு வருஷத்துக்குள்ள மாத்தலன்னா பல இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசியே தராது, கேட்டமரான்ல இது இன்னும் முக்கியம், ஏன்னா மோனோஹல் பலத்த காத்துல சாஞ்சு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கேட்டமரான் சாயாது, அந்த பாரம் அத்தனையும் கம்பி மேலயும் அதைப் பிடிக்கிற செயின்பிளேட் மேலயும்தான் போகும். ரெண்டாவது செயில்டிரைவோட (என்ஜின்லேர்ந்து ஹல் வழியா கீழ இறங்கி ப்ரொப்பெல்லரைச் சுத்தற பகுதி) ரப்பர் சீல், என்ஜினுக்கு அடியில ஹல்லுல இருக்கிற பெரிய ஓட்டையை மூடி வச்சிருக்கறது அதுதான், வோல்வோ ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்லுது. இருபது வருஷ போட்ல அது மாத்தினதுக்கு ஒரு பில் கூட இல்லன்னா மத்ததும் அப்படித்தான் இருக்கும்னு எடுத்துக்கலாம்.

வேகமான டாகர்போர்ட் போட்டு மேல எனக்கு உண்மையாவே பிரியம் உண்டு. போர்டை இறக்கினா காத்துக்கு எதிர்ல நல்லா ஏறும், கீல் (ஹல்லுக்கு அடியில அசையாம நிலையா இருக்கிற துடுப்பு) வச்ச சார்ட்டர் போட் பக்கவாட்டுல நழுவிக்கிட்டே போற இடத்துல இது நேரா போகும், போர்டை தூக்கினா ஆழமில்லாத இடத்துக்குள்ள போய் நிக்கலாம். பிரிட்ஜ்டெக் உயரம், அலை அடிக்கறது கம்மி. நீண்ட கடல் பயணத்துல ஒரு நாளைக்கு அம்பது மைல் கூட ஓடறதுங்கறது வானிலைக்கு முன்னாடி துறைமுகம் சேரறதா இல்லையாங்கற கேள்வி. ஆனா ஹல் ஒல்லி, உள்ள இடம் கம்மி, போர்டு வர்ற பெட்டியும் இடத்தை எடுத்துக்கும், எடை ஏத்தினா வேகம் போயிடும், எல்லா வசதியும் வேணும்னு ஏத்தினீங்கன்னா எதுக்காக அதை வாங்கினீங்களோ அதுவே இருக்காது. தரை தட்டினா, கீல் வச்ச போட்னா பல சமயம் கீல்தான் அடிபடும், அது ஹல்லோட தனியா ஒட்டினதா இருக்கும், உடைஞ்சாலும் ஹல் தப்பிக்கும். டாகர்போர்ட் இறக்கியிருக்கறப்போ பாறையில மோதினா அந்தப் பெட்டியே விரிசல் விடலாம். பாய் ஓட்டறதுல அனுபவமும் ஆசையும் இருக்கறவங்க, கொஞ்சமா சாமான் வச்சு வாழத் தெரிஞ்சவங்க இதை எடுக்கலாம், முதல் போட்டா எடுக்கறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஜெமினி 105 அகலம் 14 அடிதான், அதாவது 4.27 மீட்டர், சாதாரண மோனோஹல் நிக்கிற இடத்துலயே நிறுத்தலாம், போர்டை தூக்கினா ஆழம் அரை மீட்டருக்கும் கம்மி, ஒரே ஒரு டீசல் என்ஜின். கரையோரமா, ஆறு, வாய்க்கால், தீவுகளுக்கு நடுவுல சுத்தறதுக்கு அருமை. பழைய ப்ரௌட் கடலைக் கடந்த வரலாறு நிறைய உள்ளது, ஆனா பிரிட்ஜ்டெக் தாழ்வு, உள்ள இருட்டு. பட்ஜெட் சின்னதா இருந்தா கடன் வாங்கி பெருசு எடுக்கறதை விட இது நல்லது.

இடையில ஒண்ணு சொல்லணும், சுக்கான் பிடிக்கிற இடம். யாரும் விலைக்கணக்குல சேக்கறதில்ல, ஆனா நீங்க தினமும் நிக்கப்போறது அங்கதான். ஃபிளைபிரிட்ஜ் (கூரை மேல வீல் வச்ச) போட்ல உயரத்துல உக்காந்து நாலு பக்கமும் பாக்கலாம், ஆனா பூம் (பாயோட அடியைப் பிடிக்கிற கட்டை) ரொம்ப உயரத்துக்குப் போயிடும், பாயை மடிச்சு வைக்க ஏறி நிக்கணும், ராத்திரி வாட்ச்ல தனியா மேல காத்துல உக்காந்திருக்கறவருக்கும் கீழ தூங்கறவருக்கும் தொடர்பே இருக்காது. பழைய கட்டானா மாதிரி பின்னாடி ரெண்டு ஓரத்துலயும் வீல் இருந்தா பாயும் முனையும் நல்லா தெரியும், மழையும் வெயிலும் நேரா மேலதான். சலூன் (உள்ள நடுவுல இருக்கிற ஹால்) சுவரை ஒட்டி கொஞ்சம் உயர்த்தி வச்ச வீல்தான் எனக்குப் பிடிச்சது, மேல கூரை, பக்கத்துலயே ஆள், கயிறெல்லாம் கைக்கு எட்டற தூரம். கூட வரப்போறவங்களையும் அங்க நிக்க வச்சுப் பாருங்க, அவங்களுக்கு முன்பக்கம் தெரியலன்னா கரை சேக்கற ஒவ்வொரு தடவையும் சண்டைதான்.

டெக் பத்தி சுருக்கமா. நிறைய போட்டுகள்ல ரெண்டு ஃபைபர் லேயருக்கு நடுவுல பால்சா மரம், எடை குறைக்க. ஸ்டான்ஷன் (ஓரத்துல கைப்பிடிக் கம்பியைத் தாங்கற தூண்), ஹேட்ச் (டெக்ல இருக்கிற மேல்கதவு), வின்ட்லாஸ் (நங்கூரம் இழுக்கற மெஷின்) போல்ட் போட்ட இடத்துல தண்ணி இறங்கினா மரம் ஊறிப் போகும். சர்வேயர் (வாங்கறதுக்கு முன்னாடி போட்டை பரிசோதிக்கறவர்) சுத்தியலால தட்டிப் பாப்பார், ஈரம் அளக்கற மீட்டர் வைப்பார். ஒரு ஹேட்சைச் சுத்தி மட்டும் ஈரம்னா பேரம் பேசற விஷயம், சைடு டெக் முழுக்க மெத்து மெத்துன்னு இருந்தா விட்டுடுங்க.

இன்சூரன்ஸையும் நிறுத்தற இடத்தையும் ஆஃபர் போடறதுக்கு முன்னாடியே கேட்டுடணும். அனுபவம் கம்மியா இருக்கறவருக்கு 45 அடிக்கு பாலிசி தர மாட்டாங்க, இல்ல முதல் சில மாசம் கேப்டன் கூட இருக்கணும்பாங்க, 38 அடிக்கு அந்தப் பேச்சு சுலபமா முடியும். மரினாவுல கேட்டமரானுக்கு ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு வாங்கறது வழக்கம், போட் தூக்கற லிஃப்ட் ஆறரை மீட்டர் அகலத்தைத் தாங்குமா, எட்டு மீட்டரைத் தாங்குமான்னு நீங்க இருக்கப்போற பக்கத்து யார்டுகள்ல கேளுங்க. ஐரோப்பாவுல போட் வாங்கறீங்கன்னா வாட் (VAT) வரி கட்டினதுக்கு காகிதம் இருக்கணும், அது இல்லாத போட் விலை குறைவா தெரியறதுக்கு காரணமே அதுவா இருக்கலாம்.

விலை பேசி முடிஞ்சதும் சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தியா இருந்தாதான் வாங்குவேன்னு எழுதி, வழக்கமா பத்து சதவீதம் அட்வான்ஸ் புரோக்கரோட தனி அக்கவுன்ட்ல போடுவாங்க. சர்வேயரை நீங்களே தேடுங்க, விக்கறவரோட புரோக்கர் சொல்ற பேரை எடுக்காதீங்க. என்ஜினுக்கு தனி மெக்கானிக், பாய்மரத்துக்கு தனியா ஏறிப் பாக்க ஒரு ரிக்கர், இந்தச் செலவுல மிச்சம் பிடிக்கக் கூடாது. கடல் ஓட்டத்தை காத்தே இல்லாத காலை நேரத்துல துறைமுகத்துக்குள்ள முடிச்சுடப் பாப்பாங்க. குறைஞ்சது 15 நாட் (மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர்) காத்துல, கொஞ்சம் அலை இருக்கிற இடத்துல, பாய் ஏத்தி காத்துக்கு எதிர்ல ஒரு மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்க. அந்த நேரத்துல நீங்க வீல்ல நிக்காதீங்க, உள்ள போய் சலூன் தரையில கால் வச்சு அடியில அலை எங்க அடிக்குதுன்னு உணருங்க, பாய்மரத்துக்கு கீழ உள்ள கேபின்ல உக்காந்து என்ன சத்தம் வருதுன்னு கேளுங்க, கதவைத் திறந்து மூடிப் பாருங்க, பில்ஜை (ஹல்லோட அடித்தளத்துல தண்ணி சேர்ற இடம்) திறந்து புதுசா தண்ணி வந்திருக்கான்னு பாருங்க. காத்து இருக்கிற நாள்ல வெளிய எடுக்க விக்கறவர் ஒத்துக்கலன்னா அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கிட்டு அடுத்த போட்டைப் பாக்கக் கிளம்பிடுங்க.